எழுத்தில இருக்கோ?

“நாளைக்குத் தண்ணி வராதாம் அங்கிள். வாளியெல்லாம் நிரப்பி வையுங்கோ.”

மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த மனிதரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை இது. அவர் படியில் நின்றபடி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஆர் சொன்னது?”

“குழாய் திருத்துற ஆள் சொல்லிட்டுப் போறான்.”

“எழுத்தில இருக்கோ?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டாமல் தண்ணீரை நிறுத்த ஒருவருக்கும் அதிகாரம் இல்லை என்று எனக்கு விளங்கப்படுத்திவிட்டு மேலே ஏறினார். மறுநாள் கட்டடம் முழுக்கத் தண்ணீர் இல்லை. அவருடைய குளியலறையில் மட்டும் நாலு வாளி நிறைந்திருந்தது. அவருடைய மனைவி, நாங்கள் எல்லோரும் அன்ரி என்று கூப்பிடுகிறவர், முதல் நாள் பின்னேரமே புருஷனுக்குத் தெரியாமல் நிரப்பி வைத்திருந்தார். அவர்களுடைய நாற்பது வருடக் குடித்தனம் அப்படித்தான் ஓடியிருக்கிறது. அவர் எழுத்தைப் பார்ப்பார், அன்ரி வாளியைப் பார்ப்பார்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்தக் கட்டடம் இருந்தது. அதன் கீழ்த்தட்டில் நான் கொமியூனிகேஷன் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு ரெலிபோன், ஒரு ஃபக்ஸ், ஒரு கொம்பியூட்டர், அடிக்கடி மூச்சை விடும் ஒரு போட்டோக்கொப்பி மெஷின். நான் கொட்டாஞ்சேனைக்காரி. காலையில் பஸ் ஏறி வந்து கடை திறந்து, இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுவேன். மூன்று மொழியிலும் கடிதம் எழுதுவேன். சமாதானப் பேச்சு முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம் அது. வடக்கிலிருந்து வந்து தங்கியிருந்த சனத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கடிதம் தேவைப்பட்டது. பொலிஸ் பதிவுக்கு ஒன்று, விசாவுக்கு ஒன்று, பிடித்துக்கொண்டு போன பிள்ளையை விடச் சொல்லி ஒன்று. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், கோபமும் கொஞ்சம் கிட்டத்தில்தான் இருக்கும். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லக் கஷ்டமாக இருக்கும்.

அவர் யாழ்ப்பாணக் கச்சேரியில் கிளாக்கராகச் சேர்ந்து, பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றவர். கச்சேரி என்றால் அங்கே அரசாங்க அதிபரின் காரியாலயம். எத்தனையோ அதிபர்கள் வந்து போனார்கள், எத்தனையோ அதிகாரங்கள் மாறின, ஃபைலில் இருந்தது மட்டும்தான் மாறாமல் நின்றது என்பார். “வாயால சொன்னவன் நாளைக்கு இல்லையெண்டுவான். எழுதினவன் எங்கை போவான்?” இதை அவர் என்னிடம் நூறு தரமாவது சொல்லியிருப்பார். நான் நூறு தரமும் கொட்டாவி விட்டிருப்பேன்.

அவரிடம் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. மரக்கறி வாங்கப் போனாலும் அது கக்கத்தில் இருக்கும். அடையாள அட்டையின் பிரதி, பொலிஸ் பதிவுத் துண்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், பென்ஷன் கடிதம், கனடாவில் இருந்த மகனின் அழைப்புக் கடிதம் எல்லாம் திகதி வரிசையில் அடுக்கியிருக்கும். “அங்கிள், பாஸ்போர்ட்டும் கையுமா நிக்கிற மாப்பிள்ளை மாதிரி நிக்கிறியள்” என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் சிரிக்காமல் ஃபைலை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொள்வார்.

ஆனால் அந்த ஃபைல் அவரைக் காப்பாற்றியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு நாள் விடியற்காலை ஒழுங்கையை இராணுவம் சுற்றி வளைத்துவிட்டது. நான் கடை திறக்க வந்தபோது ஆம்பிளைகள் எல்லோரும் தெருவில் வரிசையாக நின்றார்கள். இவர் வேட்டி சால்வையோடு ஃபைலை அணைத்தபடி நின்றார்.

“ஐடி எக்க பென்னன்ன,” என்றான் சிப்பாய்.

இவர் அடையாள அட்டையைக் காட்டினார். அதோடு விடவில்லை. பதிவுத் துண்டு, வாடகை ஒப்பந்தம், பென்ஷன் கடிதம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, நல்ல சிங்களத்தில் ஒவ்வொன்றும் என்ன என்று விளங்கப்படுத்தத் தொடங்கினார். சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மஹத்தயா, மே ஒக்கோம மொனவத?” என்று கேட்டான். ஐயா, இதெல்லாம் என்ன என்று.

“நான் ஆரெண்டதுக்கு எழுத்து,” என்று சிங்களத்திலேயே சொன்னார் அவர்.

அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் பதினொரு பேரை ட்ரக்கில் ஏற்றிப் போனார்கள். பதிவுத் துண்டை வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒரு லொட்ஜ் மனேஜரும் அதில் ஒருவர். இவர் ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு அந்த ஃபைலைப் பற்றி நான் பகிடி பண்ணுவதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் ஆனி மாதம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. இரத்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லி, கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். குழாய்க்குள் வைக்கும் சின்னக் கம்பி வலை அது. அதன்மேல் இரத்தம் உறைந்து கட்டிவிடாமல் இருக்க இரண்டு விதமான குளிசை கொடுத்து, “இவற்றை ஒரு நாளும் தவற விட வேண்டாம்” என்று நெஞ்சு டொக்டர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். கூடவே வயிற்றைப் புண்ணாகாமல் காக்க இன்னொரு குளிசையும் இருந்தது.

எழுத்தில் வந்துவிட்டது அல்லவா, பிறகு கேட்கவும் வேண்டுமா? அவர் என்னிடம் வந்து கோடு போட்ட ஒரு அட்டவணை அடித்து வாங்கிக்கொண்டு போனார். மேலே குளிசைகளின் பெயர், பக்கத்தில் திகதி. ஒவ்வொரு குளிசையும் விழுங்கியவுடன் அந்தக் கட்டத்தில் ஒரு சரி அடையாளம். கட்டம் நிரம்பியதும் அடுத்த மாதத்துக்கு வருவார். “இப்பிடி ஒரு நோயாளி எனக்கு இருந்தால் நான் டொக்டராப் போயிருப்பன் அங்கிள்” என்றேன். அது பகிடி இல்லை, மெய்யாகத்தான் சொன்னேன்.

ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் வந்தது. கத்தோலிக்கரான எங்களுக்குத் தவக்காலத்தில் இறைச்சியை விடுவதே பெரிய தியாகம். அவர் ஆறு நாளும் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான். பின்னேரம் கோயிலுக்குப் போய் வந்து ஒரு கிளாஸ் பாலும் ஒரு வாழைப்பழமும். முப்பது வருடமாகப் பிடிக்கிற விரதமாம், நெஞ்சில் கம்பி வைத்ததற்காக முருகனுக்கு விடுமுறை கொடுக்க முடியாதாம். அன்ரி என்னிடம் வந்து, “நீயாவது சொல்லு பிள்ளை” என்றார். நான் சொன்னேன். விரதம் இருக்கக் கூடாது என்று டொக்டரின் அட்டையில் இல்லை என்றார்.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் விரதம் முடித்துச் சாப்பிட்டுவிட்டு, பொலிஸ் பதிவுப் படிவம் ஒன்றைப் பிரதி எடுக்கக் கீழே வந்தார். மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர் மேசையைப் பிடித்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. நெற்றியில் வேர்வை. “கண் இருட்டுது” என்று சொல்லிவிட்டு அப்படியே கதிரையில் சரிந்தார். நெஞ்சுதான் என்று நினைத்து நான் அலறினேன். அன்ரியையும் ஏற்றிக்கொண்டு த்ரீவீலரில் கிட்டடியில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே இருந்த வயிற்று டொக்டர் சிங்களவர், மெல்லப் பேசுகிற மனிதர். இவருடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, மலம் என்ன நிறம் என்று கேட்டார்.

“கறுப்பு,” என்றார் இவர். “தார் மாதிரி. மூண்டு நாளா.”

அன்ரி தலையில் கை வைத்தார். “மூண்டு நாளாவோ? ஏனப்பா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

இவர் படுத்தபடியே ஃபைலைக் கேட்டு வாங்கி, நெஞ்சு டொக்டர் தந்த துண்டை எடுத்துக் காட்டினார். “‘இரத்தம் வெளியேறுவதைக் கண்டால் உடனே அறிவிக்கவும்.’ நான் இரத்தம் காணேல்லை. கறுப்பைத்தான் கண்டனான்.”

உள்ளே கசிகிற இரத்தம் குடல் வழியே வரும்போது கறுப்பாகத்தான் வரும் என்று டொக்டர் சொன்னார். அதை அன்ரிக்குத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு டொக்டர் குளிசை அட்டவணையைப் பார்த்தார். ஸ்டென்ட் குளிசைகள் இரண்டுக்கும் ஒரு கட்டம் விடாமல் சரி அடையாளம் இருந்தது. வயிற்றுக் குளிசைக்கு நேரே விரதம் இருந்த ஆறு நாளும், ஒவ்வொரு கட்டத்திலும் அழகான கையெழுத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதியிருந்தார்.

“இது ஏன்?” என்று நான் கேட்டேன்.

“பாமசி உறையைப் பார். ‘உணவுக்கு முன்’ எண்டு கோடு போட்டிருக்கு. உணவே இல்லை. பிறகு முன் எது?”

“பால் குடிச்சனீங்கள்தானே!”

“பால் உணவெண்டால் அது விரதம் இல்லையே பிள்ளை.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. வெறும் வயிற்றில் ஆறு நாள், இரத்தத்தை இளக்குகிற இரண்டு குளிசை, காவலுக்கு இருந்த மூன்றாவது குளிசை இல்லை. எழுதியிருந்தபடி ஒன்றும் பிழை விடவில்லை அவர்.

ஆனால் அடுத்த ஐந்து நிமிடத்தில் அதே ஃபைல்தான் உதவியது. என்ன வகை ஸ்டென்ட், எப்போது வைத்தது என்று டொக்டர் கேட்டார். முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாதாம், நெஞ்சில் ஏதோ ஸ்பிரிங் வைத்தார்கள் என்பார்களாம். இவர் லமினேட் செய்த அட்டையை எடுத்து நீட்டினார். மருந்து பூசிய வகை, வைத்து நாலு மாதம். டொக்டர் அட்டையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “தாங்க்யூ சேர்” என்றார். இவருடைய முகத்தில், அந்த நிலையிலும், ஒரு திருப்தி தெரிந்தது.

டொக்டர் வெளியே வந்து எங்களுக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. சாதாரணமாக இரத்தம் போகிற ஆளுக்கு இரத்தம் இளக்குகிற மருந்தை எல்லாம் நிறுத்திவிடுவார்கள். இவருக்கு அப்படி நிறுத்தினால், நாலு மாத வலையில் இரத்தம் கட்டி நெஞ்சு நின்றுபோகலாம். நிறுத்தாவிட்டால் வயிற்றுப் புண் ஒழுகிக்கொண்டே இருக்கும். “ரெண்டு பக்கமும் கிணறு,” என்று அன்ரிக்குச் சொன்னேன். டொக்டர் அங்கேயே நின்று நெஞ்சு டொக்டருக்குப் போன் எடுத்தார். இரண்டு பேரும் அரை மணித்தியாலம் கதைத்தார்கள். கடைசியில் அஸ்பிரின் குளிசையை விடாமல் கொடுப்பது, மற்றதை மட்டும் ஐந்தாறு நாள் நிறுத்தி வைப்பது, அதற்கு மேல் ஒரு நாளும் தள்ளாமல் திரும்பத் தொடங்குவது என்று முடிவெடுத்தார்கள்.

இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். அன்றே வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, சிறுகுடல் தொடங்குகிற இடத்தில் இருந்த புண்ணில் ஊசி போட்டு, சின்னக் கிளிப் ஒன்றும் பூட்டினார்கள். இரத்தம் நின்றது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். போகும்போது கொடுத்த துண்டில், நிறுத்தி வைத்த குளிசையின் பெயரை எழுதி, ‘வியாழக்கிழமை கிளினிக்கில் பார்த்தபின் மீண்டும் தொடங்கவும்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அவர் அதை மூன்று தரம் வாசித்து ஃபைலில் வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வியாழக்கிழமை காலையில் நகரத்தின் மற்றப் பக்கத்தில் குண்டு வெடித்தது. காலி வீதியை மறித்துவிட்டார்கள். பஸ் நின்றது. நான் வேளைக்கே வந்திருந்தபடியால் கடைக்குள் இருந்தேன். சனம் ஆளுக்கு ஆள் போன் எடுக்க முண்டியடித்தது. நடுவில் நான் ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். கிளினிக் இல்லை, காயக்காரர் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றாள் நேர்ஸ். நான் விடாமல் கெஞ்சினேன். பத்து நாற்பதுக்கு டொக்டரே லைனில் வந்தார். மலம் கறுப்பாகப் போகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். இல்லை, நேற்றுக்கூட அன்ரி பார்த்தாராம் என்றேன்.

“அப்படியென்றால் இன்றைக்கே அந்தக் குளிசையைத் தொடங்கச் சொல்லுங்கள். கிளினிக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே ஆறு நாள். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள்,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தார்.

நான் மேலே ஓடவேண்டி இருக்கவில்லை. அவரே கைபிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்துகொண்டிருந்தார், கிளினிக்குக்கு உடுத்து, ஃபைலோடு. அன்ரி மேலே சமைத்துக்கொண்டிருந்தார்.

“டொக்டரோட கதைச்சனான் அங்கிள். கிளினிக் இல்லையாம். இண்டைக்கே குளிசையைத் தொடங்கட்டாம்.”

“எழுத்தில இருக்கோ?”

“போனில சொன்னவர். போனில எழுத்து எப்பிடி வரும்?”

“ஃபக்ஸ் வைச்சிருக்கிறாய்தானே.”

“அவர் காயக்காரரைப் பார்க்க ஓடுறார். உங்களுக்கு ஃபக்ஸ் அனுப்பவோ அவருக்கு நேரம்?”

அவர் ஃபைலைத் திறந்து அந்தத் துண்டைக் காட்டினார். “‘பார்த்தபின்’ எண்டு இருக்கு. அவர் என்னைப் பார்க்கேல்லை. இதைத் தொடங்கி இரத்தம் திரும்பப் போனால் ஆர் பொறுப்பு? நீயோ?”

அந்த ‘நீயோ’ எனக்குச் சுட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“சரி, ஒண்டு செய். கேட்டதைக் கேட்டபடி எழுது. ஆர் சொன்னது, ஆர் கேட்டது, எத்தினை மணிக்கு. இங்கிலீசில சொன்னவரெண்டால் இங்கிலீசிலயே எழுது. கீழ கையெழுத்து வை. கச்சேரியில ரெலிபோன் மெசேஜ் அப்பிடித்தான் எடுப்பம். எனக்கு அது காணும்.”

பேனை என் கையில்தான் இருந்தது. துண்டுக் கடதாசி மேசையில் இருந்தது. இரண்டு நிமிட வேலை. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் நாலு நாள் இவருக்காக இருந்திருக்கிறேன். கடையில் சனம் கத்திக்கொண்டு நிற்க, லைனைப் பிடித்துக்கொண்டு இவருக்காகக் கெஞ்சியிருக்கிறேன். இவ்வளவுக்கும் பிறகு என் வாய்ச்சொல் இந்த மனிதருக்குப் போதாதாம்.

“என்ர சொல்லு காணாதோ உங்களுக்கு? நான் என்ன பொய்யோ சொல்லுறன்?”

“பொய்யெண்டு நான் சொல்லேல்லை பிள்ளை.”

“பிறகென்ன எழுத்து? விருப்பமெண்டால் குடியுங்கோ, இல்லாட்டி விடுங்கோ. எனக்கு வேற வேலை இருக்கு.”

கடையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. அவர் துண்டைத் திரும்ப ஃபைலுக்குள் வைத்தார். பிறகு, “கோபம் ஆறினாப் பிறகு எழுதித் தா” என்று சொல்லிவிட்டு, மெல்ல மெல்லப் படியேறினார். மூன்று மாடி. நான் அவர் பின்னால் போகவில்லை.

குண்டு வெடித்த மறுநாள் எப்படி இருக்கும் என்று வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்குத் தெரியும். வீடு வீடாகச் சோதனை. எல்லோரும் மறுபடி பதிய வேண்டும் என்றார்கள். என் கடை வாசலில் காலை முதல் வரிசை. முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு அன்றைக்கு நான் எழுதிக்கொடுத்தேன். மத்தியானம் அன்ரி கனடாவில் இருந்து மகனின் அழைப்பு வரும் என்று கீழே வந்து இருந்தார். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தண்ணீர் வாளி நிரப்பின மனுசி, எப்படியாவது அந்தக் குளிசையைப் பாலிலாவது கரைத்துக் கொடுத்திருப்பார். ஆனால் சொல்லப் போனால் நேற்று நான் கத்தியதையும் சொல்ல வேண்டும். ‘அங்கிளே சொல்லியிருப்பார், இல்லாட்டி அவரே இறங்கி வந்து கேட்கட்டும்’ என்று இருந்துவிட்டேன். அவர் அன்ரிக்குச் சொல்லவில்லை. எழுத்தில் இல்லாததை அவர் ஏன் சொல்லப் போகிறார்?

சனிக்கிழமை பின்னேரம்தான் என் கோபம் ஆறியது. ஆறியது என்பதைவிட, பயமாக மாறியது என்பதுதான் சரி. டொக்டரின் பெயர், என் பெயர், அவர் சொன்ன சொற்கள், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு துண்டில் எழுதினேன். நேரம் போட வேண்டிய இடத்தில் கை நின்றது. பிறகு உள்ளதைத்தான் போட்டேன், வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. அவரிடம் பொய்த் திகதியோடு போக எனக்குத் துணிவு இல்லை.

அன்ரிதான் கதவைத் திறந்தார். “டொக்டர் குளிசையைத் தொடங்கட்டாம் அன்ரி” என்றேன். எப்போது சொன்னார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அங்கிள் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி துண்டை வாங்கி வாசித்தார். திகதிக்கு வந்த இடத்தில் நின்று, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அன்ரி பக்கத்தில் நின்றார்.  அங்கிள் அவரிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குளிசையை விழுங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, துண்டின் ஓரத்தில் ஏதோ எழுதி ஃபைலில் வைத்தார்.

“கையெழுத்து வடிவாயிருக்கு,” என்றார் என்னிடம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் கொட்டாஞ்சேனையில் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது செய்தி வந்தது. காலைத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்திருக்கிறார். த்ரீவீலர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை அவரைக் கூட்டிப்போக வேண்டிய அதே கிளினிக்குக்கு நான் தனியே போய் வயிற்று டொக்டரிடம் கேட்டேன். வியாழக்கிழமையே தொடங்கியிருந்தால் என்று கேட்டேன்.  ஒரு நாளும் விடாமல் குடித்தவர்களுக்கும் வலை அடைபடும், மாதக் கணக்கில் விட்டவர்களுக்கும் ஒன்றும் நடக்காமல் போகும், இவருக்கு எது என்று ஒருவரும் சொல்ல முடியாது என்றார். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை, இன்றைக்கும் ஆறவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, மகனிடம் கனடாவுக்குப் போவதற்கு முன் அன்ரி கடைக்கு வந்தார். கையில் அந்த ஃபைல் இருந்தது. தமிழில் இருந்தவற்றை எல்லாம் அவரே வாசித்துப் பிரித்து வைத்திருந்தார். ஆங்கிலத்தில் இருந்தவற்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்று என்னிடம் கேட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் என்னுடைய துண்டு இருந்தது.

“இதிலதான் அவர் கடைசியா எழுதினவர்,” என்றார் அன்ரி. “என்ன எழுதியிருக்கிறார் எண்டு வாசி பிள்ளை.”

ஓரத்தில், நடுங்காத கையெழுத்தில், கச்சேரி ஆங்கிலத்தில் மூன்று வரி இருந்தது. ‘சனிக்கிழமை மாலை 5.10க்குக் கிடைத்தது. இரண்டு நாள் தாமதம். நடவடிக்கை தேவையில்லை.’ கீழே சுருக்கொப்பம்.

அன்ரி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“‘கிடைத்தது. சொன்னபடி குளிசை எடுத்தேன்’ எண்டு எழுதியிருக்கிறார் அன்ரி.”

அன்ரி துண்டை என்னிடமிருந்து வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தை விரலால் தடவினார்.

“சொன்ன உடனே குடிச்சவர்தானே. நான் என்ர கையால தண்ணி குடுத்தனான்,” என்றார். “அந்த டொக்டர் ஒரு ரெண்டு நாள் முந்திச் சொல்லியிருக்கலாம், என்ன?”

கடையில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. மெஷினும் ஓடவில்லை.

“ஓம் அன்ரி,” என்றேன்.